தேங்காய் அளவுத் தொப்பிகள்

குளிருக்கென்று எங்களுக்கு யாரோ அனுப்பிய சுவெட்டர்களை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர்கள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்காமல் படுக்க முடியாதவர்கள், புத்தளத்தில் தில்லையடிப் பக்கம் அகதிக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். புத்தளத்து வெயிலுக்குச் சுவெட்டரா என்கிறார்கள். ஓம், சுவெட்டர்தான். மூட்டை மூட்டையாக வந்தது.

மன்னாரை விட்டு விரட்டப்பட்டு வந்து மூன்றாவது வருடமாக இருக்க வேண்டும். முகாமுக்குள் ஒரு லொறி வந்து நின்றது. அரிசி என்று நினைத்து எல்லோரும் பாத்திரத்தோடு ஓடினோம். மூட்டையை அறுத்தபோது பூச்சி உருண்டை வாசம் குப்பென்று வந்தது. உள்ளே சிவப்பு, பச்சை, சாம்பல் என்று தடித்த கம்பளிச் சட்டைகள். ஒன்றில் நெஞ்சுப் பக்கம் கொம்பு வைத்த மான் இருந்தது. தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது. ஆனாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசையில் நின்று வாங்கினோம். உம்மா இரண்டைச் சுருட்டித் தலையணைக்குள் திணித்தார். பக்கத்துக் கொட்டில்காரர் ஒன்றைத் தேநீர்க் கேத்தலுக்குச் சுற்றினார். மான் போட்ட சட்டை ஒரு ஆட்டின் மேல் சில நாள் சுற்றித் திரிந்தது. அனுப்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நாட்டில் வீடு போனவன் முதலில் குளிரில்தான் நடுங்குவான் போலும்.

நான் பெரிய பிள்ளையானதும் அந்தக் காலத்தில்தான். பதின்மூன்று வயது. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன அதே வகுப்பறைகளில் எங்களுக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம் நடந்தது. விட்டு வரும்போது இருட்டி, மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரமாகிவிடும். வாப்பா கற்பிட்டிப் பக்கம் ஒரு மீன்வாடியில் கூலிக்கு நின்றார், இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். ஆகவே எங்கள் விஷயத்தில் முடிவெடுத்தவர் பெரியவாப்பா, வாப்பாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். முகாம் கமிட்டியிலும் அவர்தான் முன்னுக்கு நின்றவர். அவர் சத்தம் போடவில்லை. படிப்பை நிறுத்தச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நாளைக்குப் பிள்ளை வீட்டில் நிற்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. இன்றைக்கு யோசித்தால் அவர் மேல் எனக்குப் பாதிக் கோபம், பாதி இரக்கம். கடை போனது, வள்ளம் போனது, வீடு போனது. தான் காவல் காக்கக் கூடியது இனி வீட்டுக் குமரிகள் மட்டும்தான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். அந்தக் காவலில் மூச்சு முட்டியது எனக்கு.

நான் கணக்கில் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்த சேரே சொல்வார். அவர் என் கூட்டாளியிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வரவு எழுதும் இடாப்பில் பெயரை வெட்டச் சொல்லி அதிபர் நிற்கிறாராம். தன்னால் முடிந்த மட்டும் இழுத்துப் பிடிக்கிறாராம். நான் நின்றது செப்டம்பர் நடுவில். டிசம்பர் நடுவுக்குள் ஒரு நாளாவது வகுப்பில் போய் உட்கார்ந்தால் பெயர் தப்பும். அன்று முதல் கொட்டிலின் கிடுகுச் சுவரில் ஈர்க்குச் சொருகி நாளை எண்ணத் தொடங்கினேன்.

அப்போதுதான் மிஸ் வந்தார். பள்ளிக்கூட மிஸ் இல்லை. அரசாங்கக் கந்தோரில் பெரிய வேலைக்கு மாற்றலாகி வந்த ஒருவரின் மனைவி. மலைநாட்டுக்காரர், பண்டாரவளைப் பக்கம் பிறந்தவர். நாங்கள் மிஸ் என்றே கூப்பிட்டோம். முகாமைப் பார்க்க வந்தவர் சுவெட்டர் போட்ட ஆட்டைக் கண்டு நின்றுவிட்டார். கொட்டில் கொட்டிலாகக் குனிந்து எங்கெங்கே எத்தனை சுவெட்டர் கிடக்கிறது என்று பார்த்தார். பிறகு பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். மலையில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் பிறக்கிற குழந்தைகளுக்குத் தலைக்குப் போட ஒன்றுமில்லை, மார்கழிக் குளிரில் சூடு எல்லாம் தலை வழியாகத்தான் போகும், இந்தச் சட்டைகளைப் பிரித்துத் தொப்பி பின்னித் தந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், தான் பின்னக் கற்றுத் தருவேன் என்றார்.

நம் மாமிமாரை உங்களுக்குத் தெரியும்தானே. மூன்று வருடமாக அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள். யாருக்காவது நாங்களும் கொடுக்கலாம் என்று ஒருத்தி வந்து சொன்னதும் அவர்களுக்கு முகமே மாறிவிட்டது. சும்மா செய்கிற வேலை, ஒரு சதம் வராது. இருந்தும் பதினைந்து பேர் அந்த இடத்திலேயே சம்மதித்தார்கள். பெரியவாப்பா ஒரு படி மேலே போய், கார்த்திகை, அதாவது நவம்பர், முடிவதற்குள் முந்நூறு தொப்பி தருவோம் என்று மிஸ்ஸின் கணவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பெண்கள் மட்டும் இருக்கிற வேலை என்பதால் என்னையும் அதில் சேர்க்க உம்மா கேட்டார். அதற்குச் சரி என்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் உம்மா மெதுவாகக் கேட்டார்.

"தொப்பி வேலை முடியட்டும், பாப்பம்" என்றார் பெரியவாப்பா.

பெரியவர்கள் சொல்கிற 'பாப்பம்' என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். நானே என் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அன்று அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். முந்நூறு தொப்பி முடிந்தால் பள்ளிக்கூடம். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

பின்னுவதற்கு ஒரு உள்ளூர் ஹாஜியார் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையைத் தந்தார். முன்பு உப்பு மூட்டை அடுக்கிய அறை. தகரக் கூரை. ஆண்கள் போய் வருகிற பாதைப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, கதவையும் சாத்திவிட்டுத்தான் உட்காருவோம். சுவரில் உப்பு பூத்திருக்கும். முதுகைச் சாய்த்தால் சட்டை நனையும். பதினாறு பேரின் மூச்சும், மழைக்கு முந்திய புழுக்கமும், பிரித்த கம்பளியின் தூசும் அதற்குள். கம்பளி மயிர் வேர்த்த கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். தொண்டைக்குள்ளும் போகும். நாங்கள் எப்போதும் இருமிக்கொண்டிருந்தோம். பின்னேரம் இரண்டு மணிக்கு என் கூட்டாளிகள் பள்ளிக்கூடம் போகிற சத்தம் சாக்குக்கு வெளியே கேட்கும். அந்த நேரத்தில் நான் தலையை நிமிர்த்தவே மாட்டேன்.

பின்னல் ஊசி எங்கே வாங்குவது? உடைந்த குடைகளின் கம்பியைக் கழற்றி முனையைச் சிமெந்தில் தேய்த்து எடுத்தோம். உப்பு அறையில் அவை இரண்டு நாளில் துருப்பிடித்தன. வெள்ளைக் கம்பளியில் பின்னினால் துருக் கோடு விழும். அளவுக்கு மிஸ் ஒரு யோசனை சொன்னார். பிறந்த குழந்தையின் தலை என்பது மட்டை உரித்த ஒரு தேங்காய். அதனால் நடுவில் நாலைந்து தேங்காய் வைத்திருப்போம். பின்னி முடித்ததும் தேங்காய்க்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கண்ணோடு அது தொப்பி போட்டுக்கொண்டு நம்மைப் பார்க்கும். மாமிமார் அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள், உச்சந்தலையில் முத்தமிடுவார்கள். அந்த அறையில் சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான்.

மிஸ் இரண்டு கிழமை கூடவே இருந்து கற்றுத் தந்தார். பிறகு அவருடைய தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை. அவர் போகும்போது முடிந்திருந்தது முப்பது தொப்பி கூட இல்லை. நான் கணக்குப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் முந்நூறு முடிய மாசி வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் கை தவறி நூல் ஊசியில் ஒரு தரத்துக்குப் பதில் இரண்டு தரம் சுற்றிவிட்டது. அடுத்த வரி பின்னும்போது அதில் ஒரு சுற்றை நழுவவிட்டேன். கண்ணி நீண்டு தொங்கியது. ஒரு வரி, இரண்டு வரியின் உயரத்துக்கு ஏறி நின்றது. நான் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் அப்படியே செய்தேன். பின்னேரத்துக்குள் தொப்பி முடிந்துவிட்டது. தேங்காய்க்குப் போட்டபோது இடைவெளிக்குள்ளால் தேங்காயின் தும்பு தெரிந்தது.

பக்கத்தில் இருந்த மாமி அதைத் தூக்கிப் பார்த்தார். இது என்ன, ஓட்டையாக இருக்கிறதே என்றார். என் வாயில் பதில் தயாராக இருந்தது. காற்றுப் போக வேண்டும்தானே மாமி, இல்லாவிட்டால் பிள்ளையின் தலை வேர்த்துப் போகும், வேர்க்குரு போடும் என்றேன். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்ல பொய். எனக்குத் தெரிந்த மட்டில் அந்த அறையில் இருந்தவர்களில் குளிர் என்ற ஒன்றை உடம்பில் அறிந்தவர் யாருமில்லை. மன்னாரும் புத்தளமும் தவிர வேறு ஊர் கண்டதில்லை. பிள்ளை என்றால் அவர்களுக்கு வேர்க்குருவும் விசிறியும்தான். மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், அதுவும் சரிதானே என்றார். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களைப் போல அவர்கள் கவலைப்பட்டார்கள், பாவம். இவ்வளவு நாளும் மூச்சு முட்டுகிற மாதிரிப் பின்னிவிட்டோமே என்று ஒரு மாமி வருத்தப்பட்டார்.

உம்மாவும் அங்கேதான் இருந்தார். என் தொப்பியை வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். தன் ஊசியில் இருந்ததை எடுத்து, நூலை இரண்டு தரம் சுற்றிப் பின்னத் தொடங்கினார். உம்மா செய்ததைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு தொப்பிகள் பறந்தன. புது மாதிரியில் நாற்பது சேர்ந்ததும் ஒரு பையில் கட்டி வைத்தோம். மலைப்பக்கம் போகிற கந்தோர் ஜீப் ஒன்று அதை வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பெரியவாப்பா சந்தோசத்தில் எங்களுக்குப் பேக்கரியில் பணிஸ் வாங்கி அனுப்பினார். கார்த்திகை முடிய ஐந்து நாள் இருக்கும்போது மிச்சத் தொப்பிகளும் மூட்டையாகிவிட்டன. என் சுவர்க் கணக்கில் டிசம்பர் நடுவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. நான் உம்மாவின் பெட்டிக்குள்ளிருந்து என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்துத் தோய்த்துக் காயப் போட்டேன்.

மறுநாள் மிஸ் வந்தார். மூட்டையை அவிழ்த்து ஒரு தொப்பியை எடுத்தார். முகம் மலர்ந்துதான் எடுத்தார். பிறகு அதற்குள் கையை விட்டு விரலை விரித்தார். ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. கதவைத் திறக்கச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது வலைங்க. தொப்பி இல்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. "எங்க ஊர்ல காலையில தண்ணி தொட்டா விரல் மரத்துப்போகும். புள்ளைங்க நீலம் பூத்துப்போகுங்க. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நீலம் பூப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஏதோ பெரிய பிழை என்று விளங்கியது. எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"நாந்தான் சொன்னன் மிஸ்" என்றார் உம்மா. "காத்துப் போகட்டும் எண்டு. எங்களுக்குக் குளிர் தெரியாதுதானே."

மாமிமார் யாரும் மறுத்துப் பேசவில்லை. மிஸ் நிலத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், எங்கள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. முதல் பை போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே ஓட்டைத் தொப்பிகள் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கினோம்.

பின்னியதைப் பிரிப்பது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது தெரியுமா? ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும். என் இரண்டு மாதம் இரண்டு நாளில் நூல் உருண்டையாகிவிட்டது. பெரியவாப்பாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி. கொடுத்த வாக்குப் போனதே என்று உப்பு அறையின் வாசலில் வந்து நின்று, முந்நூறும் முடியும் வரைக்கும் ஒரு கை குறையக் கூடாது என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, பிள்ளையை ஒரே ஒரு நாள் மட்டும் பள்ளிக்கூடம் அனுப்பக் கேட்டார். ஒரு நாள் போய் என்ன படிக்கப் போகிறாள் என்று அவர் கேட்டார். இடாப்பு என்ற ஒன்று இருப்பதை உம்மா சொல்லத்தான் செய்தார். அதெல்லாம் பிறகு கதைத்து எடுக்கலாம் என்றார். மனிதர் அதை மனதார நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுந்தால் அந்த அறைக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. நான் இறுக்கிப் பின்னினேன். எவ்வளவு இறுக்கி என்றால் ஊசியில் கண்ணி நகராது, விரல் நுனி வெடித்து உப்புப் பட்டு எரியும். சுவரில் ஈர்க்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு பின்னேரம் ஜன்னல் சாக்கு விலகியது. என் கூட்டாளி நனைந்த தலையோடு நின்றாள்.

"சேர் இண்டைக்கு வெட்டிட்டார்டி" என்றாள். "சிவப்புப் பேனையால. வெட்டிப்போட்டு வெளிய போய் நிண்டவர்."

நான் சரி என்றேன். அவள் போய்விட்டாள். ஊசியில் இருந்த வரியை முடித்துவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினேன். தை மாத நடுவில் முந்நூறும் முடிந்தது. லொறியில் ஏற்றியபோது எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவாப்பா சொன்ன சொல் மறக்காமல், பள்ளிக்கூடம் போய்க் கதைத்துப் பார்த்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கிவிட்டார்கள். உங்களில் பல பேருக்கும் இப்படி ஏதோ ஒரு காரணத்தால்தான் படிப்பு நின்றிருக்கும், ஆகையால் மேலே சொல்லவில்லை.

உம்மாவுக்கு மட்டும் முகாமில் ஒரு பட்டப் பெயர் விழுந்தது. காத்துத் தொப்பிக்காரி. கலியாண வீடுகளில் கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். உம்மாவும் சேர்ந்து சிரிப்பார். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். என் பழியை அவர் சுமக்கிறார், விவரம் தெரியாமல் என் பொய்யை நம்பிப் பின்னிய பாவத்துக்கு, என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

போன வருடம் என் இளைய மகளுக்கு மலைநாட்டில் ஒரு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கொண்டுபோய் விட நான்தான் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பக்கம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு ஒளு எடுக்கத் தண்ணீரைத் தொட்டேன். விரலை யாரோ கடித்த மாதிரி இருந்தது. முக்காட்டுக்கு மேல் மகளின் சால்வையையும் சுற்றிக்கொண்டு நின்றேன், அப்போதும் பல் அடித்தது. பார்க்கப்போனால் சால்வை கொஞ்சம் பின்னல் இளகியது. காற்று அதற்குள்ளால் வந்து காதைத் தொட்டது. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோனாள்.

திரும்பி வந்ததும் உம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். குசினிக்குள் பலகையில் உட்கார்ந்து நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், பனியைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம், விடியக்குள்ள தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ள உறைஞ்சி வெள்ளையாக் கிடக்கும்" என்றார். "வெயில்ல வெச்சுத்தான் தலைக்கு வெக்கிற."

எண்ணெயைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய வாப்பா பண்டாரவளையில் ஒரு கருவாட்டுக் கடை வைத்திருந்தாராம், உம்மா ஏழு வயதில் ஒரு வருடம் முழுக்க அங்கே இருந்தாராம். கடை நொடித்துப் போய் வந்ததால் அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லையாம்.

"அப்ப தெரிஞ்சுதானா உம்மா பின்னினீங்க?"

"ஓம்."

"அந்த முதல் பை?"

உம்மா கிள்ளுவதை நிறுத்தினார்.

"ஒன்ட பேர் அப்ப இடாப்புல இருந்திச்சு மகள்" என்றார். "நீ ஈர்க்குச் சொருகினத நான் பாக்கல்லயா? ஒவ்வொரு தொழுகையிலயும் அந்தப் பிள்ளையளுக்குத்தான் என்ட முதல் துஆ. பொறவுதான் ஒங்க எல்லாருக்கும். அல்லாஹ் என்னட்ட கேட்டா நான் பதில் சொல்லோணும். ஆனா அந்த நாள் திரும்பி வந்தாலும் நான் அப்பிடித்தான் பின்னுவன்."

உம்மா அடுத்த நெத்தலியைக் கையில் எடுத்தார். நாற்பது பிள்ளைகள். உயிரோடு இருந்தால், எல்லோருக்கும் முப்பது வயது தாண்டியிருக்கும். அன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு கையேந்தியபோது நானும் அவர்களைத்தான் முதலில் சொன்னேன். என் மகளின் பெயர் அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது. இன்றுவரைக்கும் அப்படித்தான் வருகிறது.